வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது, சரி. வாயே திறக்கக்கூடாதா?

கேள்வி: சேலத்தில் இரண்டு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் வக்கீல். ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர்கள் வந்து, ஆரம்பத்தில் ஒரு தொகையும் அப்புறம் வருகிற ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் இவ்வளவு என்றும் கொடுத்தால், என் பெயரில் சட்டக் கட்டுரைகளும் வீடியோக்களும் தயாரித்துப் போடுவதாகச் சொல்கிறார்கள். மாதிரிக்கு ஒரு கட்டுரையும் கொடுத்திருக்கிறார்கள், அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சீனியரிடம் கேட்டால், "வக்கீல் வெளியே எழுதவும் கூடாது, பேசவும் கூடாது, சனது (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) போய்விடும்" என்கிறார். எனக்கோ உண்மையிலேயே எழுத ஆசை. யார் சொல்வது சரி?

பதில்:

இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனிக்காரர் சொல்கிறபடி செய்தால், வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதியில் நன்றாக மாட்டிக்கொள்வீர்கள். எழுதவே கூடாது, பேசவே கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் உங்கள் சீனியர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம்.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதி இதைப் பற்றியது. வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்டுப் போகக்கூடாது, விளம்பரம் செய்யக்கூடாது. எப்படியெல்லாம் கூடாது என்று விதியே வரிசையாகச் சொல்கிறது: சுற்றறிக்கை, விளம்பரம், புரோக்கர், முன்பின் தெரியாதவர்களைத் தேடிப் போய்ப் பேசுவது, தான் நடத்திய வழக்கை வைத்துப் பத்திரிகையில் கருத்தும் படமும் வரவைப்பது. பெயர்ப் பலகைகூட அளவாக இருக்க வேண்டும். அதில் சங்கத் தலைவர், முன்னாள் நீதிபதி, இன்ன வகை வழக்கில் நிபுணர் என்றெல்லாம் எழுதக்கூடாது. ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி கோர்ட் வரைக்கும் வண்டியில் ஒரு தரம் போய் வந்தால் போதும், கருப்புக் கோட்டோடு கைகூப்பி நிற்கும் பிளெக்ஸ்களில் இந்த விதி என்ன பாடு படுகிறது என்று தெரிந்துவிடும். பிறந்தநாள், சங்கத் தேர்தல், கோயில் பண்டிகை என்று காரணம் மட்டும்தான் மாறும். சரி, அது வேறு கதை.

2008-ல் இந்த விதியில் கொஞ்சம் தளர்வு வந்தது. வக்கீல் தனக்கென்று இணையதளம் வைத்துக்கொள்ளலாம். பெயர், விலாசம், போன் நம்பர், மின்னஞ்சல், பதிவு எண், பதிவு செய்த தேதி, எந்த மாநில பார் கவுன்சில், படிப்பு, எந்த வகை வழக்குகள் பார்க்கிறார் என்ற விவரங்கள் மட்டும் போடலாம். 'தலைசிறந்த', 'நம்பர் ஒன்', 'வெற்றி நிச்சயம்' என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை.

அப்புறம் 2024 ஜூலை 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் சி. குமரப்பனும் இருந்த அமர்வு, ஒரு தீர்ப்பு சொன்னது. வீட்டு ரிப்பேருக்கு ஆள் தேடித் தருகிற மாதிரி வக்கீலுக்கு நட்சத்திரக் குறி போட்டு, விலை போட்டு ஆள் பிடித்துத் தரும் தளங்களைப் பற்றியது அந்த வழக்கு. இப்படி வேலை பிடிக்கிற வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநில பார் கவுன்சில்களுக்கு அறிவுறுத்த வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவு போனது. சில நாட்களிலேயே பார் கவுன்சிலும் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. உங்கள் சீனியர் காதில் விழுந்தது இதுவாகத்தான் இருக்கும். புகார் போனால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் விசாரணை வரும். எச்சரிக்கை, தற்காலிகத் தடை, பெயரையே பட்டியலிலிருந்து நீக்குவது வரைக்கும் தண்டனை உண்டு. ஆகவே அவர் சும்மா பயமுறுத்தவில்லை.

இந்த விதி எதற்காக வந்தது என்று தெரிந்தால் எங்கே கோடு போட வேண்டும் என்பதும் தெரியும். 1975-ல் உச்ச நீதிமன்றத்தில் தபோல்கர் வழக்கு என்று ஒன்று நடந்தது. பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் சில வக்கீல்கள் காத்திருந்து, உள்ளே வருகிற ஆட்களை மொய்த்து, கையிலிருக்கும் பேப்பரைப் பிடுங்கி, ஒருவரைவிட ஒருவர் பீஸைக் குறைத்து ஆள் பிடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி கிருஷ்ண ஐயர், சட்டம் வியாபாரம் இல்லை, வழக்கு சரக்கும் இல்லை என்று எழுதியது அதில்தான். விதி பிடிக்க நினைப்பது அந்த வாசலில் நின்ற ஆளை. பயந்துபோய் வருகிறவன் பயம் தெளிவதற்குள் வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிடும் ஆளை.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விதி எல்லோர் மேலும் ஒரே கனத்தில் விழவில்லை. அப்பா வக்கீல், தாத்தா வக்கீல் என்று வருகிறவருக்கு விளம்பரம் தேவையே இல்லை. வீட்டுத் திண்ணையே அவருக்கு விளம்பரம். சாதிச் சங்கம், கட்சி, ரோட்டரி என்று பத்து இடத்தில் பெயர் ஓடும். ஓமலூர் பக்கத்திலிருந்தோ மேச்சேரியிலிருந்தோ பஸ் ஏறி வந்து, ஜூனியராக வருடக்கணக்கில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் முதல் தலைமுறைப் பெண்ணுக்கு அதெல்லாம் கிடையாது. அமெரிக்காவில் இதே மாதிரித் தடையை மீறி அரிசோனாவின் இரண்டு இளம் வக்கீல்கள் செய்தித்தாளில் கட்டணத்தோடு விளம்பரம் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெயித்தார்கள். இங்கிலாந்திலும் 1984-லிருந்து சொலிசிட்டர்கள் விளம்பரம் செய்யலாம். உங்களிடம் வந்த கம்பெனிக்காரர் கையில் இருக்கும் முறைகள் எல்லாம் அந்த ஊர்களில் பழுத்து இங்கே இறங்கியவை. அங்கே சட்டம் அனுமதிக்கிறது, இங்கே அனுமதிக்கவில்லை. அவர் அந்த வித்தியாசத்தை உங்களுக்குச் சொல்ல மாட்டார், மாட்டிக்கொள்ளப் போவது அவர் இல்லையே.

ஆளுக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள் என்றீர்களே, அது இன்னும் மோசம். வக்கீலிடம் காசு வாங்கிக்கொண்டு அவருக்குக் கட்சிக்காரர் பிடித்துத் தருகிறவருக்குச் சட்டத்தில் பெயர் புரோக்கர்தான், கழுத்தில் டை கட்டியிருந்தாலும். 2023-ல் வந்த திருத்தத்தில் வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே 45-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, புரோக்கர்கள் பட்டியல் தயாரிக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கும் மாவட்ட நீதிபதிக்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறியவர் மீண்டும் அந்த வேலை பார்த்தால் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது ஐநூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐநூறு ரூபாய் அவருக்கு ஒரு பொருட்டில்லை. உங்களுக்கு சனது பொருட்டு.

இனி நீங்கள் அனுப்பிய மாதிரிக் கட்டுரைக்கு வருகிறேன். 'தந்தை சொத்தில் மகளுக்குப் பங்கு' என்று தலைப்பு. பத்திக்கு ஒரு தரம் 'சேலத்தின் தலைசிறந்த சொத்து வழக்கறிஞர்' வருகிறது, தேடுகிறவர் கண்ணில் படுவதற்காக. அதை விடுங்கள். உள்ளே இருக்கும் சட்டத்தைப் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்த திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு தீர்ப்பு 2015-ல் இருந்தது உண்மை. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்தத் தேதியில் தந்தை இருந்தாரா என்ற கேள்வியே இல்லை. அந்தக் கட்டுரையை நம்பி 'அப்பா 2003-லேயே போய்விட்டாரே' என்று எத்தனை பெண்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள்!

அடுத்தது இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் 1989-லேயே தனிச் சட்டம் வந்து, அந்த வருடம் மார்ச் 25-ஆம் தேதி வரை கல்யாணம் ஆகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்துவிட்டார்கள். கட்டுரையில் இதைப் பற்றி மூச்சே இல்லை. வடக்கே யாருக்கோ எழுதியதைத் தமிழாக்கி ஊர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறைப்படி பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைத் திறக்க முடியாது என்பதும் அந்தக் கட்டுரையில் இல்லை. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை அவர் இருக்கும்போதே யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம் என்பதும் அதில் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தீர்களா? இந்த இரண்டையும் சொன்னால் படிக்கிறவரில் பாதிப் பேர் 'நமக்கு வழக்கு இல்லை போல' என்று போய்விடுவார்கள். கம்பெனிக்கு அது நஷ்டம். இதன் கீழே உங்கள் பெயரும் போட்டோவும் இருக்கும். பிழைக்கு நாளைக்கு கோர்ட் வராண்டாவில் பதில் சொல்லப் போவதும் நீங்கள்தான்.

இதே கேள்வியை வேறு விதமாகப் பேசிய ஓர் அனுபவம் எனக்கு உண்டு. ஏற்காடு மலையில் உள்ளே ஒரு கிராமத்தில், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்திய சட்ட விழிப்புணர்வு முகாம். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தோம். காப்பித் தோட்ட வேலை முடித்து வந்த பெண்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, ஜவுளிக்கடை மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த பட்டா நகலை எடுத்து நீட்டி, "எங்கப்பன் காட்டுல எனக்குப் பாத்தியம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். என்னோடு வந்த ஜூனியர் தம்பி உற்சாகமாக 2005 சட்டம், சம பங்கு என்று ஆரம்பித்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சாதிச் சான்றிதழில் என்ன போட்டிருக்கிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். மலையாளி, பழங்குடி.

அங்கேதான் விஷயம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, 2-ஆவது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. சேர்வராயன் மலை முழுக்க மலையாளி மக்கள் ஊர்கள். 'தந்தை சொத்தில் மகளுக்குப் பங்கு' என்று நகரத்துப் பெண்ணுக்கு எழுதியது இந்த அம்மாவுக்கு அப்படியே செல்லாது. அதற்காக இல்லை என்றும் கையை விரித்துவிட முடியாது. பழங்குடிப் பெண்களுக்கும் சம உரிமை கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்துவது பற்றி யோசியுங்கள் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. 2025 ஜூலையில் இன்னோர் அமர்வு, மகளுக்குப் பங்கு கூடாது என்று ஒரு வழக்கம் இருப்பதாக நிரூபிக்காதவரை பெண்ணுக்கு மறுக்கக்கூடாது என்று தீர்ப்புக் கொடுத்தது. ஆக, எல்லாம் அந்த ஊர் வழக்கம் என்ன என்பதில் வந்து நிற்கிறது.

அதை அந்த அம்மாவிடம் முடிந்தவரை எளிதாகச் சொன்னேன். "உண்டுன்னும் சொல்ல முடியலைம்மா, இல்லைன்னும் சொல்ல முடியலை. உங்க ஊர்ல பொண்ணுக்குக் காடு குடுத்த வழக்கம் இருக்குதா?" என்று கேட்டதுதான் தாமதம், சுற்றி நின்றவர்களுக்குள் பேச்சு சூடாகிவிட்டது. ஒரு பெரியவர் அப்படி வழக்கமே கிடையாது என்றார். பின்னாலிருந்து ஒரு பாட்டி, "ஏன், உன் அத்தைக்குக் குடுக்கலையா?" என்று அவர் வாயை அடைத்தார். அப்புறம் யார் யாருக்கு எந்தக் காடு, எந்த பலாமரம் வரைக்கும் எல்லை என்று வரிசையாக வந்தது. கோர்ட்டில் வழக்கத்தை நிரூபிக்க வேண்டியிருந்தால் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் அத்தனை பேரும் அந்தத் தாழ்வாரத்திலேயே இருந்தார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத விஷயம் அன்றைக்குக் கிடைத்தது. பழங்குடியினர், பெண் என்று இரண்டு வகையிலும் அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானக் கணக்கே பார்க்க மாட்டார்கள். அந்த விவரத்தை எழுதிக் கொடுத்து, சேலத்தில் எங்கே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அந்த வழக்கு என் ஆபீசுக்கு வரவில்லை, வர வேண்டியதும் இல்லை.

நீங்கள் எழுத ஆசைப்படுவது இந்த முகாம் பேச்சு போலவா, கம்பெனிக்காரரின் மாதிரிக் கட்டுரை போலவா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளும் ஒரு சோதனை உண்டு. படித்தவர் அல்லது கேட்டவர், என்னைக் கூப்பிடாமலே தன் வேலையைக் கொஞ்சமாவது முடித்துக்கொள்ள முடிகிறதா? முடிகிறது என்றால் அது பேச்சு. கடைசி வரியில் போன் நம்பர் வரும் வரைக்கும் விஷயத்தை ஒளித்துவைத்தால் அது தூண்டில்.

வக்கீலே வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன, அதைச் சொல்ல மனசு வர வேண்டும். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம், தானே வாதாடலாம். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் தாசில்தார் ஆபீசுக்குப் போய்விடும், இடையில் ஆளே தேவையில்லை. வழக்கு லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பி வரும், அதன் மேல் அப்பீலும் கிடையாது. இதையெல்லாம் எழுதினால் வருமானம் போய்விடுமே என்று சீனியர்கள் சிலர் சிரிப்பார்கள். போகாது. பட்டா எடுக்க வழி சொன்னவரைத்தான் பட்டாவில் தகராறு வரும்போது ஜனங்கள் தேடி வருவார்கள்.

இன்னொன்று, பேச்சு என்றால் எதிராளிக்கும் சேர்த்துப் பேச வேண்டும். செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுத் தொழில் செய்கிறவர்கள் ஒரு சாயங்காலம் செக் கேஸ் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அந்த அறையில் செக் வாங்கி ஏமாந்தவரும் இருந்தார், செக் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராதவரும் இருந்தார், சில பேர் இரண்டுமாக இருந்தார்கள். விளம்பர வீடியோவாக இருந்தால் 'செக் ரிட்டர்னா? உடனே ஜெயில்!' என்று பாதிப் பேரைச் சந்தோஷப்படுத்தி மீதிப் பேரை நடுங்க வைத்திருக்கும். நான் சொன்னது வேறு. செக் திரும்பிய தகவல் பாங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் அவகாசம், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்த மூன்று கெடுவும் முக்கியம். சரியான விலாசத்துக்கு அனுப்பிய நோட்டீஸை வாங்காமல் திருப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், சேர்ந்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். 'கையெழுத்து மட்டும்தான் என்னுது, தொகையை அவரே எழுதிக்கிட்டாரு' என்று ஒருவர் எழுந்தார். நீங்களாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்காக இருந்தாலும் கடன் இருந்தது என்ற அனுமானம் உங்களுக்கு எதிராகத்தான் போகும், 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது என்றேன். முகம் தொங்கிப் போயிற்று. உடனே அடுத்ததையும் சொன்னேன்: இது சமாதானமாகப் போகக்கூடிய குற்றம், எந்தக் கட்டத்திலும் பேசி முடிக்கலாம், தள்ளிப்போடப் போட செலவு கூடும். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கொடுத்தவரும் வாங்கியவரும் ஓர் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதில் எனக்கு பீஸ் எதுவும் இல்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்றும் உண்டு, நம் மாதிரி ஊரில் இது பெரிய ஆபத்து. கட்சிக்காரர் சொன்னது ரகசியம். பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 132, வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை போகாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். 'ஆத்தூர் பக்கம் ஒரு டாக்டர், மனைவி டீச்சர், கல்யாணமாகி ஆறு மாதத்தில் பிரிந்தார்கள்' என்று எழுதிப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் ஆத்தூரே யாரென்று சொல்லிவிடும். குடும்ப வழக்குகளில் சட்டமே தனியாகத் தடை போட்டிருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி விசாரணை மூடிய கதவுக்குள், நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடுவதே குற்றம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட போக்சோ வழக்கென்றால் அடையாளத்தைத் தொடவே கூடாது. வழக்குக் கதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அச்சில் வந்த உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து எடுங்கள், அங்கேயே வேண்டிய அளவு கதை இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. நாலு பேர் முன்னால் உங்களிடம் கேள்வி கேட்கிறவர் தன் வழக்கு முழுவதையும் கொட்டிவிடுவார். அது எதிர்க்கட்சி காதிலும் விழும், உங்களை அமர்த்துவதற்கு முன்னால் பொதுவில் சொன்னதற்கு ரகசியப் பாதுகாப்பும் கிடையாது. அப்படி ஒருவர் ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுங்கள். பொதுச் சட்டத்தை மட்டும் சொல்லி, மீதியைத் தனியாக ஏதாவது ஒரு வக்கீலிடம் சொல்லுங்கள் என்று அனுப்புங்கள். 'ஏதாவது ஒரு வக்கீல்' என்பதில் நீங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற தொனி இருக்க வேண்டும்.

ராஜாஜி இந்த ஊர் கோர்ட்டில்தான் வக்கீலாகப் பேர் எடுத்தார். நல்ல வருமானம். அந்தக் காலத்திலேயே, 1916-ல், நண்பர்களோடு சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்கள் உண்டாக்க சேலத்தில் ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகையும் நடத்தினார். வேதியியல் சொல்லுக்குத் தமிழ் கண்டுபிடித்துக் கொடுத்ததால் எந்தக் கட்சிக்காரரும் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கப் போவதில்லை. ஆனாலும் செய்தார். தொழிலுக்கு வெளியே ஊரோடு பேசுவது சேலத்து வக்கீலுக்குப் புதிதில்லை என்று உங்கள் சீனியரிடம் வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள்.

இனி என்ன செய்யலாம்? கம்பெனிக்காரரிடம் வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரிலும் படத்திலும் ஏற்கெனவே எதையாவது போட்டிருந்தால் எடுக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது புகார் கொடுத்தால் அது உதவும். எழுதுவதை நீங்களே எழுதுங்கள், மாதம் ஒன்று போதும். இப்போது இயந்திரமே நொடியில் எழுதித் தருகிறது, அதை நம்பி இல்லாத தீர்ப்பை இருப்பதாக எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தீர்ப்பைத் திறந்து படிக்காமல் பெயரைச் சொல்லாதீர்கள். கீழே பெயரும் 'வழக்கறிஞர், சேலம்' என்பதும் இருக்கட்டும். நம்பர் வேண்டாம், வேண்டியவர் கோர்ட்டில் விசாரித்துக் கண்டுபிடித்துக்கொள்வார். சட்டம் மாறினால் பழையதைத் திருத்துங்கள், திருத்திய தேதியைப் போடுங்கள்.

வழக்கு எப்போது வரும் என்றால், மெதுவாகத்தான் வரும், சில பேருக்கு வராமலும் போகலாம். அதுவரை சாப்பாட்டுக்கு சீனியர் ஆபீஸ் வேலைதான். அதைக் கைவிட்டுவிட்டு எழுதக் கிளம்ப வேண்டாம்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனல் வக்கீலாகச் சேருவதற்குப் பொதுவாக மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதற்குள் பேனலில் இருக்கும் யாராவது ஒருவரோடு முகாம்களுக்குப் போய் வாருங்கள், முக்கியமாக மலை மேல் நடப்பவற்றுக்கு. பஸ்ஸில் போனால் கடைசி வண்டி எப்போது கீழே இறங்குகிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கேள்விகள் அதற்குள் முடியாது.